ஊருக்கு முதலில் வந்தவர் யார்? குடும்ப வேரையும் ஊர் வரலாற்றையும் தேடத் தொடங்குபவர்களுக்கு

கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு ஊருணி, ஒரு காளியம்மன் கோவில், நூற்றுச் சொச்சம் வீடுகள். ஆனால் எங்கள் குலதெய்வம் அங்கே இல்லை. பங்குனி உத்திரத்துக்குப் பொங்கல் பானையும் விறகுமாக வண்டி பிடித்து, தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சாஸ்தா கோவிலுக்குப் போவோம். சின்ன வயதில் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வானம் பார்த்த பூமியில் குடியிருக்கிறவர்களுக்கு ஆற்றங்கரையில் எப்படிச் சாமி வந்தது என்ற கேள்வி முப்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. விடை கிடைக்கப் பத்து வருடம் ஆயிற்று. சரியான வரிசையில் தேடியிருந்தால் இரண்டே வருடத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவை. வழி தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் பொருந்தும்.

உங்களிடமிருந்து தொடங்குங்கள், ராஜாவிடமிருந்து அல்ல

பெரும்பாலோர் தேடலைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். "நாங்கள் பாண்டியன் படையில் இருந்தவர்கள்", "விஜயநகரத்திலிருந்து வந்தவர்கள்" என்று ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து கீழே இறங்கப் பார்க்கிறார்கள். அது முடியாது. உங்களிடமிருந்து அப்பா, அப்பாவிடமிருந்து தாத்தா, அவரிடமிருந்து பூட்டன், பிறகு ஓட்டன் என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சாட்சி வேண்டும். அது ஒரு பத்திரமாக இருக்கலாம், ஒரு ஜாதகமாக இருக்கலாம், ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ளாத இரண்டு பெரியவர்களின் வாய்மொழியாகவும் இருக்கலாம்.

ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், பட்டப்பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், அம்மா பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், தொழில், இறந்த காலம். கடைசி வரியில், இதைச் சொன்னது யார், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால், ஐந்து வருடம் கழித்து உங்கள் நோட்டை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

பட்டப்பெயரை அலட்சியம் செய்யாதீர்கள். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர், மூத்த பேத்திக்குப் பாட்டி பெயர் என்று வைத்துக்கொண்டே போனால், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பத் திரும்ப வரும். அண்ணன் தம்பி நாலு பேரும் தங்கள் அப்பா பெயரையே மகனுக்கு வைத்தால், ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் நடமாடுவார்கள். அவர்களை ஊர் பிரித்தறிந்தது பட்டப்பெயராலும் வீட்டுப் பெயராலும்தான்: கிணற்றடி வீட்டார், மேலவீட்டார், வண்டிக்காரர் என்று. நோட்டில் நான் ஒவ்வொரு ஆணையும் மனைவி பெயரோடு சேர்த்தே எழுதுகிறேன். குழப்பம் பாதி தீர்ந்துவிடுகிறது.

ஆச்சிமார்களை முதலில் கேளுங்கள்

நான் செய்த பெரிய தவறு, முதல் மூன்று வருடம் ஆண்களிடம் மட்டுமே விசாரித்தது. எங்கள் பெரியப்பாமார்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: "நாம ஆதியிலேயே இந்த ஊர்தான். ஊருணி வெட்டினதே நம்ம ஆளுகதான்." அப்பாவின் பெரியம்மா ஒருவர், எண்பத்தைந்து வயது, திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் இது விழுந்தது.

"யாருய்யா சொன்னா? ஒங்க தாத்தனோட தாத்தா இந்த ஊருக்காரரா? அவரு பொண்டாட்டி ஊருல வந்து ஒக்காந்தவருல்லா! ஆத்தங்கரையில இருந்து வெறுங்கையோட வந்தாராம். எங்க மாமியா சொல்லுவா."

ஒரே வரிதான், எங்கள் குடும்ப வரலாறே திரும்பிவிட்டது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தது கௌரவக் குறைச்சல் என்று ஆண்கள் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டு தலைமுறையில் மறந்தும் போய்விட்டார்கள். வேறு வீட்டிலிருந்து வந்த பெண்கள் மறக்கவில்லை. பிறந்த ஊர், புகுந்த ஊர், நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊர், கொழுந்தன் பெண் எடுத்த ஊர் எல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். ஒரு குடும்பம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை, அது பழைய தலைமுறையில் எந்த ஊர்களில் கொள்வினை கொடுப்பினை வைத்திருந்தது என்பதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெண் எடுத்த ஊர்களை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். எங்கள் புள்ளிகள் கரிசலில் தொடங்கி, பின்னோக்கிப் போகப் போக, ஆற்றை நோக்கி நகர்ந்தன.

கேட்கும் விதம் ஒன்று உண்டு. "எந்த வருஷம் ஆச்சி?" என்று கேட்டால், "அது யாருக்குய்யா தெரியும்" என்பார்கள். நடப்பை வைத்துக் கேளுங்கள். ரங்கூனிலிருந்து சனங்கள் நடந்து வந்தபோது (அது 1942) உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது (1964 டிசம்பர்) எத்தனை பிள்ளைகள்? உங்கள் மாமியார் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி என்ன சொல்லுவார்? தாது வருஷம் 1876-77. பஞ்சம் 1878 வரை இழுத்தது. 1910-இல் வால் நட்சத்திரம் தெரிந்ததையும் 1918-இல் விஷக்காய்ச்சல் வந்ததையும் அவர்களுக்கு முந்திய தலைமுறை சொல்லிக் கேட்டிருப்பார்கள். இவற்றுக்கு முன்னா பின்னா என்று தெரிந்தாலே இரண்டு மூன்று வருடத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் அனுமதி கேட்டுவிட்டு. போனை மடியில் வைக்காமல் பக்கத்தில் தரையில் வையுங்கள். முறத்தையோ முருங்கைக் கீரையையோ கையில் கொடுத்துவிட்டால் பேச்சு தானாக வரும். ஒப்பாரி பாடத் தெரிந்தவரென்றால் பாடச் சொல்லிக் கேளுங்கள். பிறந்த வீட்டுச் சீரையும் ஊர்ப் பெயரையும் சொல்லி அழும் வரிகள் அதில் இருக்கும். வீட்டுக்குள் வைத்து ஒப்பாரி பாடச் சிலர் சம்மதிக்க மாட்டார்கள். வற்புறுத்தக் கூடாது.

பரணில் இருப்பவை

அடுத்தது வீட்டுக்குள் ஒரு தேடல். முதலில் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். கல்யாணச் சீராக வந்த குடத்திலும் அண்டாவிலும் பெயர் வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் கொடுத்தவர் பெயரும் ஊரும் தேதியும் இருக்கும். ஈயம் பூசிப் பூசி எழுத்து தேய்ந்திருந்தால், அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், எழுத்து எழும்பி வரும். எங்கள் வீட்டுச் சோற்றுப் பானையின் கழுத்தில் இருந்த ஒரு பெண் பெயர், யாருக்கும் தெரியாத ஒரு மகளின் பெயராக இருந்தது. பிள்ளை இல்லாமல் இறந்துபோனவர் அவர். அந்தப் பானையை விட்டால் அவருக்கு வேறு ஆவணமே இல்லை.

பழைய கல்யாணப் பத்திரிகைகளும் மொய் நோட்டுகளும் உறவுமுறைக்குத் தங்கச் சுரங்கம். மொய் நோட்டில் ஊர்வாரியாகப் பெயர் இருக்கும். பள்ளிச் சான்றிதழைப் பாருங்கள், ஆனால் அதிலுள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். தலைக்கு மேலே கையைச் சுற்றிவிட்டுக் காதைத் தொட்டால் சேர்த்துக்கொண்ட காலம் அது. வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி.

ஓலை ஜாதகம் கிடைத்தால் பெரிய யோகம். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. எங்கள் வீட்டில் கிடைத்த ஓலையில் தாத்தாவின் பெயரும், துந்துபி வருஷம் தை மாதம் என்றும் இருந்தது. தாத்தா பிறந்தது 1923 ஜனவரி என்று பள்ளிச் சான்றும் சொன்னது. இரண்டும் பொருந்துகின்றனவே என்று சந்தோஷமாக நோட்டில் ஏற்றிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து ஓலையைத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் ஓரத்தில் கொல்லம் ௲௩௰௮ என்று இருந்ததைக் கவனித்தேன். ௲ என்றால் ஆயிரம், ௰ என்றால் பத்து. ஆகவே கொல்லம் 1038. கொல்லம் ஆண்டு கி.பி. 825 ஆகஸ்டில் தொடங்குகிறது. 1038-இன் தை மாதம் என்றால் 1863 ஜனவரி. அது தாத்தாவின் ஜாதகம் அல்ல, தாத்தாவின் தாத்தாவுடையது! அறுபது வருடச் சுற்றில் அதே துந்துபி, அதே பெயர். ஆச்சி சொன்ன அந்த ஆற்றங்கரை ஆள், என் கையில் ஓலையாக இருந்திருக்கிறார்.

ஆகவே தேதி மாற்றும் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். அறுபது வருடச் சுற்றின் முதல் வருடமான பிரபவ 1867, 1927, 1987-இல் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் அறுபது வருடப் பெயர்களில் எதையும் பிடித்துவிடலாம், ஆனால் எந்தச் சுற்று என்பதை வேறொன்று சொல்ல வேண்டும். தெற்கு மாவட்டங்களில் கொல்லம் ஆண்டு அந்த வேலையைச் செய்யும். தை முதல் ஆடி வரையுள்ள தேதிக்கு அதோடு 825-ஐயும், ஆவணி முதல் மார்கழி வரை 824-ஐயும் கூட்டுங்கள். சாலிவாகன சகம் என்றிருந்தால் 78. வருவாய்த் துறைக் கணக்குகள் பசலியில் இருக்கும். பசலி ஜூலை 1-இல் பிறக்கும், 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். இந்த ஐந்து குறிகளும் தமிழ் எண்களும் தெரிந்தால் பழைய தாள்களில் பெரும்பகுதி திறந்துகொள்ளும்.

சாமி இருக்கும் ஊர்

குலதெய்வம் வேறு ஊரில் இருந்தால், அங்கிருந்துதான் உங்கள் ஆட்கள் புறப்பட்டிருக்க வேண்டும் என்று முதல் ஊகமாக வைத்துக்கொள்ளலாம். உள்ளூரிலேயே இருந்தாலும், "இது பிடிமண் கோவிலா?" என்று கேளுங்கள். இடம் பெயர்ந்தவர்கள் மூலக் கோவிலிலிருந்து பிடி மண் எடுத்துவந்து புது ஊரில் பீடம் போடுவது வழக்கம். பிடிமண் எங்கிருந்து வந்தது என்பது பூசாரிக்கோ சாமியாடும் கோமரத்தாடிக்கோ தெரிந்திருக்கும்.

கோவிலில் நீங்கள் கேட்க வேண்டியது வரி நோட்டை. கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. வருடா வருடம் யார் யார் வரி கொடுத்தார்கள் என்ற பட்டியலில், ஒரு பெயர் எந்த வருடம் புதிதாகச் சேர்ந்தது, எந்த வருடம் நின்றது என்று பார்த்தால் கல்யாணமும் சாவும் இடப்பெயர்ச்சியும் தெரியும். எங்கள் சாஸ்தா கோவிலில் 1950களிலிருந்து நோட்டு இருந்தது. அதில் எங்கள் கொடிவழியோடு சேர்த்து, நாங்கள் கேள்விப்பட்டேயிராத மூன்று பங்காளி வீடுகள் இருந்தன.

சமூகத்துக்குச் சமூகம் இந்தக் கணக்கு மாறும். நகரத்தார் ஒன்பது நகரக் கோவில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் கல்யாணமானவர்கள் புள்ளியாக எழுதப்படுவார்கள், இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்த ஓலையும் உண்டு. சிவகாசி, விருதுநகர் நாடார்களுக்கு உறவின்முறை என்ற சமூகச் சங்கமும், அதற்குக் கட்டும் மகமை நிதியின் கணக்கும். முஸ்லிம்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடுகள் உண்டு. கோவில்பட்டிக்கு அருகே, வீரமாமுனிவர் தம் தொடக்க காலத்தில் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி போன்ற பழைய பங்குகளில் விசாரித்துப் பார்ப்பது நல்லது. சாத்தான்குளத்துக்கு அருகே உள்ள முதலூர் 1799-இல் கிறிஸ்தவர்களின் குடியேற்றமாகவே உருவான ஊர். அப்படிப்பட்ட ஊர்களுக்கு முதல் குடிகள் யார் என்ற கேள்விக்கு மற்ற ஊர்களைவிடத் தெளிவான விடை உண்டு.

பத்திரம் பேசும்

நிலமோ மனையோ வைத்திருந்த குடும்பமென்றால், உங்கள் மிகப் பெரிய துணை சார்பதிவாளர் அலுவலகம்தான். 1860களிலிருந்தே பத்திரப் பதிவு நடக்கிறது. முதலில் இன்றைய சர்வே எண்ணைப் பிடியுங்கள். பட்டா, அ-பதிவேடு (புல எண்வாரியாக நில விவரம் சொல்லும் கிராமக் கணக்கு) இரண்டையும் அரசின் இணையச் சேவையில் பார்க்கலாம். அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கும் ஒரு கலம் இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்களும் உட்பிரிவுகளும் பல இடங்களில் மாறின. பழைய பத்திரத்தில் உள்ள எண்ணோடு இன்றைய எண் ஒத்துப்போகவில்லை என்றால் பயப்பட வேண்டாம், காரணம் பெரும்பாலும் அதுதான்.

வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியதுதான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, வருடத்துக்கு இவ்வளவு என்று தேடுதல் கட்டணம் கட்ட வேண்டும். மொத்தமாக நூறு வருடத்துக்குக் கேட்காதீர்கள். பத்துப் பத்து வருடமாகப் பின்னோக்கிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் ஆவண எண்ணை வைத்து நகல் மனு போடுங்கள். அலுவலகத்தில் கூட்டம் இருக்கும் முகூர்த்த நாட்களில் போகவே போகாதீர்கள். என் மனுவை ஓர் அலுவலகத்தில் நாலு மாதம் கிடப்பில் போட்டார்கள். அமாவாசைக்கு மறுநாள் காலை பதினோரு மணிக்குப் போய், என்ன தேடுகிறேன் என்று பொறுமையாக விளக்கிய பிறகுதான், பதிவறையில் இருந்த வயதான ஊழியர் ஒருவர் தானே ஏணியில் ஏறி எடுத்துக் கொடுத்தார்.

1887-ஆம் வருடப் பத்திரம் அது. காப்பியிஸ்ட் கையெழுத்து, புள்ளி வைக்காத மெய்யெழுத்துகள், வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளியே கிடையாது. படிக்க ஒரு வாரம் ஆயிற்று. எழுதிக் கொடுத்தவர் எங்கள் ஊர்ச் சம்சாரி. எழுதி வாங்கியவர் அவருடைய மகள். "மஞ்சள்காணியாக" இரண்டு குறுக்கம் புஞ்சையும் ஒரு மனையும் கொடுத்ததாக இருந்தது. பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கும் நிலத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மகளின் பெயருக்கு அடுத்து, "மேற்படியூரில் வந்து இருக்கும்" என்று எழுதி, ஓலை ஜாதகத்தில் இருந்த அதே பெயர், அதற்குமேல் அவருடைய தகப்பன் பெயர், அதற்குமேல் தாமிரபரணிக் கரையில் உள்ள ஊரின் பெயர். ஆச்சி புளியங்கொட்டை உடைத்துக்கொண்டே சொன்னதெல்லாம் முத்திரைத் தாளில் இருந்தது. எங்கள் ஊரில் எங்கள் குடும்பத்துக்கு முதல் மண் ஒரு பெண்ணின் பெயரில் வந்திருக்கிறது. அந்தப் பெயர் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாருக்கும் வைக்கப்படவில்லை.

பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்? தகப்பன் பெயர், வயது, இருப்பு ஊர் மூன்றையும் முதலில். பிதுரார்ஜிதம் என்றால் தகப்பன் வழி வந்தது. சுயார்ஜிதம் என்றால் தானே சம்பாதித்தது, அதாவது முதல் தலைமுறையாக இருக்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரமோ, பங்கைக் குறித்துத் தரும் கூர்ச்சீட்டோ கிடைத்தால் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் ஒரே தாளில் வந்துவிடுவார்கள். சாட்சிகளின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மைத்துனன்மார்களும் பங்காளிகளும்தான் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். கடைசியில், நான்கு மால். கிழக்கே யார், மேற்கே யார் என்ற அந்த நாலு வரிகளுக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கிராமம் பழைய காலத்தில் ரயத்துவாரியா (குடியானவர் நேரே அரசுக்கு வரி கட்டியது), ஜமீனா (ஜமீன்தாருக்குக் கட்டியது), இனாமா (மானியமாக விடப்பட்டது) என்று தெரிந்துகொள்வது அவசியம். ரயத்துவாரிக் கிராமங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செட்டில்மென்ட் பதிவேடுகள் உண்டு. எட்டயபுரம் போன்ற ஜமீன் கிராமங்களில் 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு அளந்து ரயத்துவாரியாக்கியது. அதற்கு முந்திய விவரத்துக்கு ஜமீன் கொடுத்த பட்டாவையும் ரசீதையும் வீடு வீடாகத்தான் தேட வேண்டும். இனாம் கிராமமென்றால் நீங்கள் பாக்கியசாலி. 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமையும் யாருக்கு, யார் கொடுத்தது, வாரிசு யார் என்று விசாரித்து எழுதியது. கோவில் ஊழியம் செய்தவர்கள், தச்சர், குயவர், நாவிதர் போன்ற ஊர் ஊழியக்காரர்கள் பெயர்களும் அதில் கிடைக்கும். மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும்: சாத்தூர் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு ராமநாதபுரம், 1985-க்குப் பிறகு இன்றைய விருதுநகர். கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி, பிறகு தூத்துக்குடி. பழைய கட்டுகள் பழைய மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கும்.

பிறப்பு இறப்புப் பதிவுக்கு மதராஸ் மாகாணத்தில் 1899-இலேயே சட்டம் வந்துவிட்டது. பிறப்புப் பதிவில் பிள்ளை பெயரைத் தேடாதீர்கள்; "ஆண் குழந்தை" என்றுதான் இருக்கும். தகப்பன் பெயரைத் தேடுங்கள். 1980-இல் பரம்பரைக் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை எடுத்தபோது பல ஊர்களில் பழைய கணக்குகள் கர்ணம் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. அந்த வீட்டாரிடம் பணிவாகக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பெயர் கிடைக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கிடைக்காது. தனிநபர் விவரத்தைப் பார்க்க 1948-ஆம் வருடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஊர்வாரியான எண்ணிக்கை மட்டும்தான் கிடைக்கும்.

பத்திரமே இல்லாதவர்கள்

மேலே சொன்னதெல்லாம் மண் வைத்திருந்தவர்களுக்கு. ஊரின் முதல் குடிகளில் பாதிப்பேர், சில ஊர்களில் பாதிக்கு மேல், அந்த மண்ணில் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்கள் பெயர் எந்தச் செட்டில்மென்ட் பதிவேட்டிலும் இராது. அவர்களை விட்டுவிட்டு எழுதும் ஊர் வரலாறு பொய் வரலாறு என்பது என் உறுதியான எண்ணம்.

அவர்களுக்கான வழிகள் வேறு. 1892-இல் அரசு ஆணைப்படி ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களின் பட்டியல் முதலாவது. யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். மிஷன் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு இரண்டாவது. பஞ்சாலையில் வேலை பார்த்தவர்களின் சர்வீஸ் தாள்கள், பட்டாளத்துக்குப் போனவர்களின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பயணத் தாள்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பியவர்களின் குடும்ப அட்டை ஆகியவற்றை வீட்டில் தேடுங்கள். இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் தாள்களில் சொந்தக் கிராமமும் தாலுகாவும் எழுதியிருக்கும். கண்டியில் பிறந்த ஒரு தாத்தாவின் ஊர் எங்கள் ஊர்தான் என்று அப்படித்தான் தெரிந்தது. அவர் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் அப்போதும் இருவர் இருந்தார்கள்.

சென்னைக்கு எப்போது போக வேண்டும்

கடைசியில்தான். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1670 முதல் ஆவணங்கள் இருக்கின்றன. ஊர், தாலுகா, வருடம் மூன்றும் தெரியாமல் போனால் கடலில் கரண்டி போட்டது போலாகிவிடும். முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்குங்கள். இனாம் பதிவேடு என்றால் கிராமத்தின் பழைய ஆங்கில எழுத்துமுறைப் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு போங்கள். அந்த எழுத்துமுறைக்கு மாவட்ட கெசட்டியர், அதாவது ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவர நூல், உதவும். திருநெல்வேலிக்குப் பேட் எழுதியது 1917-இலும், மதுரைக்குப் பிரான்சிஸ் எழுதியது 1906-இலும் வந்தன. இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் உங்கள் தாத்தா இருக்க மாட்டார், ஆனால் அவர் ஏன் நகர்ந்தார் என்பது இருக்கும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் வந்ததும், கரிசல் பருத்தி துறைமுகத்துக்கு ரயிலேறியதும், அதே வருடம் பஞ்சம் தொடங்கியதும் சேர்த்துப் படித்தபோது, ஆற்றங்கரையில் பதின்மூன்று வயதுப் பையனாக இருந்த ஒருவர் பத்து வருடம் கழித்துக் கரிசலுக்கு ஏன் வந்திருப்பார் என்று ஓரளவு புரிந்தது.

ஊர்க் கோவிலில் கல்வெட்டு இருந்தால், தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் அது ஏற்கெனவே படிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊரின் பழைய பெயரும் நாட்டுப் பிரிவும் கிடைக்கும். ஆனால் அதில் வரும் ஒரு பெயர் உங்கள் தாத்தா பெயரைப் போல இருக்கிறது என்பதற்காக அவரை முன்னோர் ஆக்கிவிடாதீர்கள். நடுவில் இருக்கும் ஐநூறு வருடத்துக்குச் சாட்சி வேண்டும்.

நான்கு மாலிலிருந்து ஒரு தெரு

குடும்பத்திலிருந்து ஊருக்குப் போக, நான் கண்ட நல்ல வழி இது. நாலைந்து வீட்டாரின் பழைய மனைப் பத்திரங்களைச் சேகரியுங்கள். ஒரு பெரிய தாளில் ஊருணியையும் கோவிலையும் வரைந்துகொண்டு, ஒவ்வொரு பத்திரத்தின் நான்கு மாலையும் கட்டம் கட்டமாக நிரப்புங்கள். ஒரு பத்திரத்தில் கிழக்கே இருப்பவர் அடுத்த பத்திரத்தில் மேற்கே இருப்பவராக வருவார். கட்டங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்போது 1890-இன் தெரு உங்கள் முன் எழுந்து நிற்கும்.

எங்கள் 1887 பத்திரத்தில் மனைக்குத் தெற்கே "வேளான் வீடும் சூளையும்" என்று இருந்தது. வேளான் என்றால் குயவர். இன்று ஊரில் வேளார் வீடு ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் வீடு கட்டியிருந்தவரிடம் கேட்டேன். அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டியபோது இரண்டடி ஆழத்துக்குச் சாம்பலும் சட்டி ஓடுமாக வந்ததாம். என்னவென்று தெரியாமல் அள்ளிக் கொட்டிவிட்டார்களாம். ஊருணி வெட்டிய மண்ணில் பானை வனைந்து, ஊருக்கே பொங்கல் பானை கொடுத்த ஒரு குடும்பத்தின் தடம் அது.

எழுதி முடிக்கும்போது சில விஷயங்களில் கவனமாக இருங்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி வேண்டாம். இரண்டாம் தாரம், தத்து, சாதி மாறிய கல்யாணம் போன்றவற்றைச் சம்பந்தப்பட்ட வீட்டாரைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். உங்கள் தனி நோட்டில் உண்மையை உள்ளபடி எழுதி வையுங்கள். ஊகம் என்றால் ஊகம் என்று பென்சிலால் எழுதுங்கள், சாட்சி கிடைத்த பிறகு பேனாவால். பத்திரங்களைப் படமெடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். ஓலைக்கு எண்ணெய் தடவும் வேலையைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

பிறகு, கொடிவழியைப் பெரிய வெள்ளைத் துணியிலோ தாளிலோ அச்சிட்டு, தெரியாத இடங்களை வெறும் கட்டமாகவே விட்டு, குலதெய்வக் கோவிலில் பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாளே மாட்டிவிடுங்கள். பெண் மக்களுக்கும் கட்டம் போடுங்கள், அவர்கள் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் இடம் விடுங்கள். பக்கத்தில் ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். நாங்கள் முதல் முறை மாட்டியபோது முப்பத்தொரு கட்டம் காலியாக இருந்தது. பொங்கல் பொங்கி இறக்குவதற்குள் பன்னிரண்டு நிரம்பிவிட்டது. அதில் ஒன்பது, ஆச்சிமார்கள் சொல்லச் சொல்லப் பேத்திமார்கள் எழுதியது.